அடுப்புக்கு ஏது மே தினம்?

கீரனூருக்குப் போயிருந்தோம். புதுக்கோட்டைச் சீமையிலே இருக்கிற கீரனூர் அல்ல. பழனி வட்டத்துக் கீரனூர். மே முதல் நாள். மாலையிலே பொதுக்கூட்டம். நூற்பாலைத் தோழர்களும், காட்டுவேலை முடித்து மேலுக்கு ஊற்றிக்கொண்டு வந்த தோழர்களும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பேசினோம். 1886-ஆம் ஆண்டு சிகாகோ நகரிலே சிந்திய இரத்தத்தைப் பற்றிப் பேசினோம். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடி, இந்தியாவுக்கே வழிகாட்டிய வரலாற்றைப் பேசினோம். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னோம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உண்மையை ஒளிப்பானேன், அந்தக் கைதட்டலிலே நமக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பும் ஏறியிருந்தது.

இரவு பத்தரை மணிக்கு ஒரு தோழரின் இல்லத்திலே உணவு. அவர் நூற்பாலைத் தொழிலாளி. கட்சிக் கொடி பிடித்து இருபது ஆண்டு ஆனவர். இலையிலே தோசை விழுந்தது. தோசைக்குப் பின்னாலேயே அவருடைய துணைவியாரின் குரல் வந்தது.

“உங்க பேச்சு இங்க வரைக்கும் கேட்டுச்சுங்கண்ணா. கிரைண்டர் ஓடுனாக் கேக்காது. அதனால நிறுத்தி நிறுத்திக் கேட்டனுங்க. எட்டு மணி நேரம் உழைப்புன்னு சொன்னீங்க. அப்புறம் மாவு வழிக்கப் போயிட்டேன். மீதி நேரத்துக்கு என்ன சொன்னீங்க?”

“எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தூக்கம், அவ்வளவுதாம்மா” என்றோம்.

அந்த அம்மையார் சிரித்தார். ஏளனச் சிரிப்பு அல்ல, கோபச் சிரிப்பும் அல்ல. பிள்ளை ஏதோ விளையாட்டாகச் சொன்னால் தாய் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. “இன்னொரு தோசை வைக்கட்டுங்களா?” என்றார். தோழரும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார். நமக்கு மட்டும் அடுத்த தோசை இறங்க மறுத்தது.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் மாலைப் பேருந்திலேதான் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. ஆகவே அந்த ஒரு நாள் முழுவதும் திண்ணையிலே உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. மேடையிலே பேசுகிறவனுக்கு அது வேண்டிய தண்டனைதான்.

பள்ளிக்கு விடுமுறை விட்டு நாட்கள் ஆகியிருந்தன. மூன்று பிள்ளைகள். மூத்தவள் எட்டாம் வகுப்பு, அடுத்தவன் நான்கு, கடைக்குட்டி இரண்டு. இவர்களோடு திருப்பூரிலே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நாத்தனாரின் பையன்கள் இருவர், “அத்தை வீட்டுக்கு லீவுக்கு” வந்திருந்தார்கள். திருப்பூரில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்? பேருந்து ஏற்றிக் கீரனூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தாயின் பாரம் இன்னொரு தாயின் தோளுக்கு மாறிவிட்டது. ஆண்களின் தோளுக்கு மாறியதாக மட்டும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

விடியற்காலை நாலரை மணி. குழாயடியிலே குடம் உரசுகிற ஓசை. ஐந்தேகாலுக்கு மில் பேருந்து வரும். அதற்குள் தோழரின் தூக்குச்சட்டி நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தது. அவர் கிளம்பினார். மே தினம் முடிந்தது, வேலைக்குப் போனார். அந்த அம்மையாருக்கு மே தினம் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை.

ஆறரை மணிக்கு ஒரு பிள்ளை எழுந்தது. ஏழு மணிக்கு ஐந்தும் எழுந்தன. ஏழரைக்கு இட்லி. ஒன்பதரைக்கு, “அம்மா, பசிக்குது!” பதினொன்றுக்கு, “அத்தே, தின்ன ஏதாவது இருக்கா?” பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மணி அடித்தால் பசி. விடுமுறைப் பிள்ளைக்கு எந்நேரமும் பசி. இடையிலே மொட்டை வெயிலிலே வேட்டி விரித்து வடகம் பிழிந்தார். ஆண்டுக்கு வேண்டிய வடகமும் வற்றலும் இந்த ஒரு மாதத்து வெயிலிலேதானே காய வேண்டும்! காகம் விரட்ட மூத்த பெண் கோலோடு உட்கார வைக்கப்பட்டாள். பையன்கள் மூவரும் மட்டையோடு தெருவுக்கு ஓடினார்கள். அவள் ஒரு தடவை தெருவைப் பார்த்தாள், பிறகு காகத்தைப் பார்த்தாள்.

நடுப்பகலிலே கொஞ்சம் பேச்சுக் கொடுத்தோம்.

“பள்ளிக்கூடம் இருந்தா நான் காட்டுவேலைக்குப் போயிருவேனுங்கண்ணா. முருங்கக்காய் பறிக்க, களை எடுக்க, கூப்பிட்ட பக்கம் போவேன். இப்பப் போக முடியாது. சுத்தியும் கெணறு. இதுகளை விட்டுட்டுப் போனா குதிச்சுருங்க. போன உசுரு வருமா?”

அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இது வெறும் அச்சம் அல்ல என்பது தெரியும். கமலை இறைத்த காலத்துக் கிணறுகள். அகலம், ஆழம், கைப்பிடிச் சுவர் இல்லாதவையும் உண்டு. கோடை வந்தால் குளத்திலும் கிணற்றிலும் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கினார்கள் என்ற செய்தி வராத ஆண்டு இந்த நாட்டிலே உண்டா? ஆகவே அந்தத் தாய் கூலியை விட்டுவிட்டுக் காவல் இருக்கிறார்.

அதாவது, தோழர்களே, அவருடைய கூலி நின்றுபோகிற மாதம் எது? கோடை விடுமுறை மாதம். வீட்டிலே உலை பெரிதாகிற மாதம் எது? அதே மாதம்! வரவு வாசல் வழியாகப் போகிறது, செலவு கொல்லைப்புறமாக வருகிறது. நடுவிலே நிற்பவர் தாய்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பள்ளி நடக்கிற நாளிலே நான்காம் வகுப்புப் பையனுக்கும் இரண்டாம் வகுப்புக் குட்டிக்கும் காலையிலே பள்ளியில் உணவு, மதியமும் உணவு. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மதிய உணவு மட்டும். ஆக, நாளொன்றுக்கு 5 தட்டு. வாரத்துக்கு 5 நாள். விடுமுறையை 5 வாரம் என்று வைத்துக்கொண்டால் 125 தட்டு! பள்ளிக்கூடம் சுமந்துகொண்டிருந்த 125 தட்டு, மணி அடித்து வாயிற்கதவைப் பூட்டிய அன்று அந்த அம்மையாரின் அடுப்படிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. நாத்தனார் பிள்ளைகளின் தட்டு இந்தக் கணக்கிலே சேரவில்லை.

அந்தத் தட்டுகள் பள்ளிக்கூடத்துக்குப் போன கதை சிறிய கதை அல்ல. 1920-ஆம் ஆண்டிலே, நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைமை ஏற்றிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு என்று தொடங்கிற்று. 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-க்குப் பின் கலைஞர் ஆட்சியில் தட்டிலே முட்டை விழுந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளிலே, மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கி வைத்தார். எந்தக் கட்சி செய்தால் என்ன, பிள்ளை வயிற்றுக்குக் கட்சி தெரியாது. இந்த நூறாண்டுக் கதையை நாம் எப்போதும் பிள்ளையின் பசி தீர்ந்த கதையாக, பள்ளிக்குப் பிள்ளை வந்த கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். சரிதான். ஆனால் அது தாயின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிய கதையும் அல்லவா? கோடையிலே அந்தச் சுமை மறுபடி ஏறும்போதுதான் அது எத்தனை கனமானது என்று புரிகிறது.

2023-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? வெயில் தணியவில்லை. ஜூன் முதல் நாள் திறக்க வேண்டிய பள்ளிகள் ஏழாம் நாளுக்குத் தள்ளிப் போயின. பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12-ஆம் நாள், சின்ன வகுப்புகளுக்கு 14-ஆம் நாள் என்று மறுபடியும் தள்ளிப் போயின. 2024-இலும் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆயிற்று. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அனல் காற்றிலே பிள்ளைகளை நடத்தி அழைத்து வரச் சொல்வோமா? ஒவ்வொரு அறிவிப்புக்கும் பிள்ளைகள் குதித்தார்கள். தாய்மார்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார்கள்.

வழி இல்லையா? இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளுக்கு மதிய உணவை உரிமை ஆக்கிற்று. ஆக்கிவிட்டு, “பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக” என்று ஒரு வாலையும் கட்டிற்று. பசி மட்டும் விடுமுறையிலே எங்கே போய்விடுகிறதாம், நீலகிரிக்கா? அதற்கும் முன்பே, 2004 ஏப்ரல் 20-ஆம் நாள், உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: வறட்சி தாக்கிய பகுதிகளிலே கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று. பக்கத்திலே இருக்கிற கர்நாடகம் 2024 கோடையிலே வறட்சி வட்டங்களில் அப்படிக் கொடுத்தது. 2020-இல் பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, நம் மாநிலத்திலேயே சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் கையிலே கொடுக்கப்பட்டன. பூட்டிய பள்ளியின் பிள்ளைக்கும் உணவு போய்ச் சேரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கடல் கடந்தும் ஒரு செய்தி. இங்கிலாந்திலே மார்கஸ் ராஷ்போர்டு என்று ஒரு பந்தாட்டக்காரர். வறுமையிலே வளர்ந்தவர், உழைத்து உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகன். 2020 ஜூனிலே, 22 வயதிலே, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு மடல் எழுதினார்: பள்ளியிலே இலவச உணவு பெறுகிற பிள்ளைகளைக் கோடை விடுமுறையிலே பட்டினி போடாதீர்கள் என்று. முதலில் முடியாது என்ற ஆட்சி மறுநாளே பணிந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் பிள்ளைகளுக்கு விடுமுறை ஆறு வாரமும் உணவுச் சீட்டுக் கிடைத்தது. பணக்கார நாடு என்று நாம் அண்ணாந்து பார்க்கிற இங்கிலாந்திலேயும் கோடை வந்தால் தாய்க்கு இதே கணக்குத்தான்.

ஆகவே கோடையிலும் அந்த உணவு வேண்டும். சமைத்துக் கொடுக்க இயலாவிட்டால் அரிசியாக, பருப்பாக, முட்டையாகக் கொடுக்கட்டும். இதை நம் கிளைகள் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும். ஒன்று மட்டும் சேர்த்து எழுத வேண்டும்: சத்துணவுக் கூடத்திலே கிளறுகிற கையும் ஒரு தாயின் கைதான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. கோடையிலே அவரை வரச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி கொடுத்தாக வேண்டும்.

அரசுக்குச் சொன்னது போதும். இனி நம் வீட்டுக்கு வருவோம். அதுதான் கடினமான இடம்.

தோழரின் வீட்டு அலமாரியிலே பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ இருந்தது. தூசு தட்டிப் பளிச்சென்று இருந்தது. தட்டியது யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. பக்கத்திலே பாவேந்தரின் ‘குடும்ப விளக்கு’. 1942-இல் வந்த அதன் முதற்பகுதி, தங்கம் என்னும் குடும்பத் தலைவியின் ஒரு நாளைப் புலர்காலை தொடங்கி இரவு வரை சொல்லுகிறது. பெண் வீட்டிலே செய்வதையும் பாட்டாகப் பாடலாம் என்று காட்டிய பெருமை அவருடையது. விளக்கு, விளக்கு என்று நாமும் மேடைதோறும் பாராட்டினோம். எண்ணெய் ஊற்றியது யார்?

நடுவண் அரசின் புள்ளியியல் துறை 2024-ஆம் ஆண்டு முழுவதும் நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்திற்று. வீட்டு வேலையிலே ஈடுபடுகிற பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுகிற நேரம் 289 நிமிடம். ஈடுபடுகிற ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்த ‘ஈடுபடுகிற ஆண்’ எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு 27 பேர்! மீதி 73 பேருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்தால் நல்லது. இது ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்து எடுத்த கணக்கு. அந்த வடகத்துக்கு அருகே கோலோடு உட்கார்ந்திருந்த பெண்ணும் இதிலே வருவாள், மட்டையோடு ஓடிய பையனும் இதிலே வருவான்.

1975 அக்டோபர் 24-ஆம் நாள் ஐஸ்லாந்து என்கிற குளிர் நாட்டிலே பெண்கள் ஒரு முடிவு செய்தார்கள். இன்று ஒரு நாள் வேலை இல்லை. அலுவலகத்திலும் இல்லை, அடுப்படியிலும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பெண்கள் நின்றுவிட்டார்கள். மீன் பதப்படுத்துகிற ஆலைகள் ஓய்ந்தன. பள்ளிகளும் கடைகளும் மூடின. அப்பன்மார் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எளிதிலே வேகிற இறைச்சிக் குழல்கள் கடைகளிலே தீர்ந்துபோயின என்று செய்தி. வேறு எதையும் சமைக்கத் தெரியவில்லை! மறு ஆண்டே அந்த நாட்டிலே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. 1980-இல் ஒரு பெண்மணியை நாட்டின் தலைவராகவே தேர்ந்தெடுத்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டு அடுப்படியிலே ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தால் நம்மில் எத்தனை பேர் கருங்காலி வேலை பார்க்கவாவது தகுதி உள்ளவர்கள்?

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்லக் கண் திறக்கிறது. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றார்கள். 1989-இல் தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. 2023 ஜூனிலே சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கிலே தீர்ப்புச் சொன்னது: கணவன் வெளிநாட்டிலே சம்பாதித்து அனுப்பிய பணத்திலே வாங்கிய சொத்தானாலும், வீட்டையும் பிள்ளைகளையும் காத்த மனைவிக்கு அதிலே சமபங்கு உண்டு என்று. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்திலே மாதம் 1000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்கவில்லை, ‘உரிமைத் தொகை’ என்றே வைத்தார்கள். பெயரிலே என்ன இருக்கிறது என்பார் சிலர். கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவர் கை கீழே என்ற எண்ணத்தை அந்த ஒரு சொல் புரட்டிப் போடுகிறது. நீதிமன்றம் கணக்கிலே எடுத்துக்கொண்டதை, அரசு உரிமை என்று சொன்னதை, வீட்டிலே நாம் மட்டும் “சும்மாதான் இருக்கா” என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா?

இத்தனையும் எழுதுகிற நாம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் கூட்டத்துக்கு அந்த அம்மையார் ஏன் வரவில்லை? நமக்குத் தோசைக்கு மாவு ஆட்டுவதற்காக! எட்டு மணி நேர உழைப்பைப் பற்றி நாம் பேசியதைக் கேட்க விடாமல் செய்தது நம்முடைய வயிறுதான்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தோழர் வேலை முடிந்து வந்தார். சாப்பிட்டார், படுத்தார். எட்டு மணி நேரம் தறிகெட்ட இரைச்சலிலே நின்று வருகிறவர். உறங்கட்டும், அதிலே குற்றம் காண மாட்டோம். அந்த அம்மையார் அப்போதுதான் முதன்முதலாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உளுந்திலே கல் பொறுக்கத் தொடங்கினார்.

மாலை ஐந்து மணிக்கு நம்மைப் பேருந்து ஏற்றத் தோழர் கிளம்பினார். உள்ளேயிருந்து குரல்: “ஏனுங்க, வர்றப்ப உளுந்தும் கடலெண்ணெயும் வேணும். புள்ளய அனுப்பட்டுமா?” சொல்லி முடிக்கும் முன்பே மூத்த பெண் பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

நாம் தோழரைப் பார்த்தோம். அவர் நம்மைப் பார்த்தார். முந்தின நாள் கைதட்டியவர் அல்லவா, புரிந்துகொண்டார். “நீ உக்காரு கண்ணு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, பையை வாங்கி மகனிடம் நீட்டினார். “டேய், மட்டையைப் போடு. அப்பா கூட வா.”

பையன் மட்டையைச் சுவரில் சாய்த்தான். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எந்தக் கடைப்பா?”

தோழர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார்.